துணையை இழந்த பிறகு காலையில் எதற்காக எழுந்திருப்பது? மட்டக்களப்பு, அம்பாறை உறவுகளிடம் ஒரு கேள்வி

களுவாஞ்சிக்குடி ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியன். என் மனைவியும் ஆசிரியையாக இருந்தவர். அவர் நோயுற்று மறைந்து ஆண்டுத் திவசமும் கடந்துவிட்டது. எட்டு, அந்தியேட்டி, திவசம் என்று ஊரார் வந்துபோன காலம்வரை ஏதோ ஒரு வேலை என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும், ஐயருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பவற்றிலேயே பொழுது கழிந்தது. அவை எல்லாம் முடிந்து, படலையைத் திறந்து வருபவர்கள் குறைந்த பிறகுதான் என் கேள்வி தொடங்குகிறது.

நம் பகுதியின் வழமையை அறிந்தவர்களுக்கு என் நிலை விளங்கும். பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வது நமது மரபு. நானும் அவ்வாறே மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து, கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்தவன். இந்த வீடு என் மனைவியின் சீதன வீடு; இனி இளைய மகளுக்கு உரியது. மகளும் மருமகனும் என்னை அன்போடு வைத்திருக்கிறார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் இந்த ஊரோடு எனக்கிருந்த உறவுகளில் பெரும்பாலானவை அவர் வழியாக வந்தவை என்பதை அவர் போன பின்னரே முழுமையாக உணர்கிறேன். யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, எவருடைய மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது, யாருக்குச் சுகமில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்ல நான் கூடப் போவேன். இப்போது தெருவில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஒருவரும் எதையும் கேட்பதில்லை.

மண்டூரில் இருக்கும் என் தங்கை, வந்து தன்னோடு இருக்கும்படி அழைக்கிறாள். தாய்வழிச் சுற்றமான தாய்க்குடிக்காரர்களும் கோயிலும் அங்கேதான். ஆனால் பேரப்பிள்ளைகளை விட்டுப் போக மனம் வரவில்லை. திடமாக இருங்கள் என்ற சொல்லைப் பலரும் சொல்லிவிட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள் உங்களில் இருந்தால், எதைப் பிடித்துக்கொண்டு மீண்டும் நாளைத் தொடங்கினீர்கள் என்பதை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


தம்பிலுவில் கமக்காரி எழுதியது:

ஐயா, உங்கள் எழுத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒருவரும் எதையும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் உங்கள் நோவு முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

என் கணவர் 2021 இல், இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு வயல்கள் மஞ்சளித்துக் கிடந்த அந்தப் பெரும்போகத்தில், மாரடைப்பால் போய்விட்டார். பயிர் வயலில் நின்றது. கடன் கடையில் நின்றது. எனக்கு அப்போது நம்பிக்கை என்று ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கட்ட வேண்டியிருந்தது, அதனால் போனேன். வரம்பில் நடக்கும்போது அழுதிருக்கிறேன். ஆனால் நம் முறை வரும்போது வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பாவிட்டால் அடுத்த வயல்காரர் திருப்பிக்கொள்வார் என்ற எண்ணம் கால்களை நடக்க வைத்தது.

வேலையைவிடக் கடினமாக இருந்தது என்னவென்றால், நான் கமம் செய்கிறேன் என்பதை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வைப்பதுதான். போக ஆரம்பக் கூட்டத்தில் என் கணவரின் பெயரைச் சொல்லி, அவருடைய மனைவி என்று குறிப்பிட்டார்கள். கருத்தை என் மைத்துனரிடம் கேட்டார்கள். எங்களுடையது அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரம் தந்து பயிரிடக் கொடுத்த காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் அவருடைய துணை தன் வாழ்நாள் முழுவதும் அந்தக் காணியில் இருந்து பயிரிடலாம். இதை எனக்கு எவரும் முதலில் சொல்லவில்லை. மூத்த மகனின் பெயருக்கு மாற்றினால்தான் உரமானியம் கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள், நானும் அதை நம்பி அலைந்தேன். கடைசியில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் ஒரு பிள்ளை இருக்க வைத்துப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். அதற்குப் பிறகு கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் என் பெயர் ஏறியது. கணவர் போன பிறகு நான் முதன்முதலாக நிமிர்ந்து வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது எனக்கு ஆறவே இல்லை. வைகாசியில் எங்கள் ஊரிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறந்து, அவள் கதையான வழக்குரையைப் பாடி, அவளைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கைச் செய்கிறோம். அந்தத் தாய் யார்? கணவனைப் பறிகொடுத்து, அரசவையில் நின்று நியாயம் கேட்டவள். அவளை ஊரே தாயென்று கும்பிடுகிறது; அதே ஊரில் கணவனை இழந்த ஒருத்தி கலியாண வீட்டில் ஆராத்தித் தட்டைத் தொட்டால் முகம் சுளிக்கிறார்கள். என் தங்கையின் மகளுடைய கலியாணத்தில் நான் ஒதுங்கி நிற்கப் பார்த்தபோது, பிள்ளையே வந்து கையைப் பிடித்து மணவறைக்குப் பக்கத்தில் கூட்டிச் சென்றாள். உங்களைப் போன்ற பெரியவர்கள் இதைப் பற்றி ஊரில் வாய்திறந்து பேச வேண்டும் ஐயா. மனைவியை இழந்த ஆணை எவரும் ஒதுக்குவதில்லை. ஆகவே நீங்கள் பேசினால் கேட்பார்கள்.


செங்கலடி வாசகர் எழுதியது:

சகோதரியின் உறுதியை மதிக்கிறேன். இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டும். துணையை இழந்த ஒருவர் உடனே புதிதாக எதையாவது செய்து காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இப்போது அதிகமாகிவிட்டது. இறந்தவரின் பெயரில் அறக்கட்டளை தொடங்குகிறார்கள், நினைவுமலர் வெளியிடுகிறார்கள், தொண்டுக்குப் போகிறார்கள். இவை நல்லவைதான். ஆனால் ஒன்றும் செய்ய முடியாமல் திண்ணையில் அமர்ந்திருப்பவர் அவற்றைப் பார்த்துத் தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். என் மனைவி போன பிறகு நான் நெடுங்காலம் ஒன்றும் செய்யவில்லை. பின்னேரத்தில் வாவிக்கரைக்குப் போய் இருந்துவிட்டு வருவேன். அந்தக் காலத்தை வீண் என்று எண்ண நான் உடன்படமாட்டேன். ஆசிரியர் ஐயாவும் தன்னை அவசரப்படுத்த வேண்டியதில்லை.


மட்டக்களப்பு உளவளத்துணையாளர் எழுதியது:

சகோதரி எழுதியதும் செங்கலடி ஐயா எழுதியதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை என் பணியின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

துயரம் ஐந்து படிகளில் ஏறி முடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எலிசபெத் கியூப்ளர்-ரோஸ் 1969 இல் அந்தப் படிநிலைகளை முன்வைத்தபோது, தங்களுடைய மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளர்களோடு உரையாடியே அவற்றை வகுத்தார். பின்னர்தான் அவை உறவை இழந்தவர்களுக்கும் பொருத்திப் பேசப்பட்டன. எனக்கு மிகவும் உதவியாக இருப்பது, 1999 இல் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷுட் என்ற உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் எழுதிய விளக்கமாகும். துணையை இழந்தவர் இரண்டு பக்கங்களுக்கு இடையில் போய் வருகிறார் என்கிறார்கள் அவர்கள். ஒரு பக்கத்தில் அழுகை, நினைவு, படத்தைப் பார்த்திருப்பது. மறுபக்கத்தில் மின்கட்டணம் கட்டுவது, சமைக்கப் பழகுவது, புதிய மனிதரோடு பேசுவது. காலையில் அழுதவர் மாலையில் சந்தைக்குப் போகலாம், மறுநாள் மீண்டும் படுத்திருக்கலாம். இந்தப் போக்குவரத்தே ஆறுதலின் இயல்பான வழி. எந்த ஒரு பக்கத்திலாவது அப்படியே உறைந்துவிடுவதுதான் கவனிக்க வேண்டியது.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது ஆண்களைப் பற்றியே. மனைவி இறந்த முதல் மாதங்களில் கணவரின் உடல்நலமும் விரைவாகக் குன்றக்கூடும் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெண்களைவிட ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. நீரிழிவு மருந்தை எடுக்க நினைவூட்டியவரும், கிளினிக் நாளை மறக்காமல் வைத்திருந்தவரும், மனதில் உள்ளதைப் பேசக்கூடிய ஒரே ஆளும் மனைவியாகவே இருந்திருப்பார். பெண்களுக்குச் சகோதரிமார் அடுத்தடுத்த வளவுகளில் இருக்கிறார்கள், நம் ஊர்களின் வீட்டு அமைப்பே அப்படியானது. வந்து குடியேறிய ஆணுக்கு அந்தச் சுற்றம் இல்லை. ஆசிரியர் ஐயா தானாகவே இதைக் கண்டு எழுதியிருப்பதை நான் நல்ல அறிகுறியாகப் பார்க்கிறேன். மருந்துகளை ஒழுங்காக எடுக்கிறீர்களா ஐயா? இதைக் கேட்காமல் என்னால் மேலே எழுத முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11 ஆவது பதிப்பு, நீடித்த துயரக் கோளாறு என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. குறைந்தது 6 மாதங்களுக்கு மேலாகவும், அந்தச் சமூகத்தின் வழமையை மீறிய அளவிலும், கடும் ஏக்கம் நாளாந்த வாழ்வை முடக்கினால் மட்டுமே அப்படிச் சொல்கிறோம். ஓர் ஆண்டு துக்கம் காக்கும் சமூகத்தில் ஓர் ஆண்டுக்குப் பின்னும் அழுவது நோயல்ல. ஆனால் உறக்கமும் உணவும் நெடுநாள் கெட்டுப்போனால், அல்லது தானும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் வந்தால், காத்திருக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவிலும் அழைத்துப் பேசலாம்.


மருதமுனை நெசவுக்காரி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். தமிழ் உறவுகளோடு சேர்ந்து நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

என் கணவர் 2021 இல் கொவிட் நோயால் மௌத்தானார். அந்தக் காலத்தில் கொவிட் ஜனாஸாக்கள் ஓட்டமாவடியில் மட்டுமே அடக்கம் செய்யப்பட்டன. எங்கள் ஊர் மையவாடி வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். அவரோ மாவட்டம் தாண்டிக் கிடக்கிறார். கடைசியாக முகத்தைப் பார்க்கவும் இல்லை. கணவன் மௌத்தானால் மனைவி வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவை நான்கு மாதமும் பத்து நாளும் இருந்தேன். இத்தாவைச் சிறைபோல நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒரு காவலாக இருந்தது. அந்தக் காலத்தில் என்னிடம் எவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. செங்கலடி நானா சொன்ன அந்த ஓய்வு எங்கள் மார்க்கத்திலேயே விதியாக இருக்கிறது. சங்கடம் இத்தா முடிந்த மறுநாள்தான் வந்தது. அதுவரை வீட்டுக்கு வந்த பெண்கள் தங்கள் வேலைகளுக்குத் திரும்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தறி இருந்தது. அவர் நெய்வார், நான் நூல் சுற்றிக் கொடுப்பேன். தறியை விற்றுவிடச் சொன்னார்கள், விலையும் பேசியாகிவிட்டது. அந்த நேரத்தில் என் மாமி, அதாவது அவருடைய உம்மா, பாவு ஓட்டிய சாரம் பாதியில் நிற்பதாகவும் அதை முடித்துவிட்டு விற்கும்படியும் சொன்னார். பிள்ளையை இழந்த அந்தத் தாய்க்கு அது தேவைப்பட்டது என்று இப்போது விளங்குகிறது. அவர் தறியடியில் அமர்ந்து சொல்லித்தர, நான் மிதிக்கப் பழகினேன். அந்தச் சாரம் முடிந்தது, அடுத்ததற்குப் பாவு ஓட்டினோம், தறி இன்றும் விற்கப்படவில்லை. இப்போது இரண்டு பிள்ளைகள் என்னிடம் பழகுகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் கணவரும் உயிரோடு இல்லை.

சேர், என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். நானாகத் தேடி எதையும் கண்டுபிடிக்கவில்லை. என்னிடம் ஒருவர் உதவி கேட்டார், அதைச் செய்தேன். உங்களிடம் கேட்க ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் துக்கத்தில் இருப்பதால் கேட்கத் தயங்குகிறார்கள்.


ஆரையம்பதியிலிருந்து ஒருத்தி எழுதியது:

இங்கே எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. என் கணவரை 1990 இல் கூட்டிச் சென்றார்கள். திரும்பி வரவில்லை. இறந்தார் என்று சொல்வதற்கு ஓர் உடலும் இல்லை, ஒரு நாளும் இல்லை. திவசம் செய்தால் நானே அவரைக் கொன்றதாகிவிடும் என்று எண்ணி இன்றுவரை செய்யவில்லை; பொட்டும் அழிக்கவில்லை. என்னைப் போன்றவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, அவரைத் தேடுவதும் பிள்ளைகளை வளர்ப்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்று விளங்கியது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திற்குப் பிறகு, இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்கள் காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழைப் பெறலாம் என்கிறார்கள். அதற்கான படிவத்தை நிரப்ப எனக்கு இன்னும் கை வரவில்லை. ஒருவர் பக்கத்தில் இருந்தால் நிரப்புவேன் என்று நினைக்கிறேன்.


அக்கரைப்பற்று மகள் எழுதியது:

பிள்ளைகளின் பக்கத்திலிருந்து ஒரு சொல். அம்மா இறந்த பிறகு எங்கள் அப்பா ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. கோயில் நிர்வாகம், சனசமூக நிலையம், மரண உதவிச் சங்கம் என்று ஓடிக்கொண்டே இருந்தார். ஊரே பாராட்டியது. ஆனால் வீட்டில் அம்மாவின் பெயரை அவர் சொல்லவே இல்லை. நாங்கள் சொன்னால் எழுந்து போய்விடுவார். எங்களுக்குத் தாயும் இல்லை, தாயைப் பற்றிப் பேசத் தந்தையும் இல்லை என்றாகிவிட்டது. ஆசிரியர் ஐயா எந்தப் பணியை எடுத்தாலும், பேரப்பிள்ளைகளுக்கு அவர்களுடைய அம்மம்மாவைப் பற்றிச் சொல்லும் நேரத்தை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது என்று தயவாகக் கேட்கிறேன்.

பின்னர் அப்பா மறுமணம் செய்துகொண்டார். நான் முதலில் கடுமையாக எதிர்த்தேன். இன்று அவருக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் துணை இருப்பதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது. அந்தச் சின்னம்மாவும் கணவனை இழந்தவர்தான். அவர் வந்த பிறகு அம்மாவின் படத்துக்குப் பூ வைப்பதும் அவரே. ஆனால் அதே வயதில் ஒரு பெண் மறுமணம் என்று வாய்திறந்தால் இந்த ஊர் என்ன பேசும் என்பதையும் நான் அறிவேன். தம்பிலுவில் அக்கா சொன்ன அநியாயத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுமணத்தை எண்ணுபவர்கள் ஓய்வூதியத்துக்கும் அனுமதிப்பத்திரக் காணிக்கும் அதனால் என்ன மாற்றம் வரும் என்று முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வது அவசியம். இந்த விடயத்தில் அவசரப்பட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.


களுவாஞ்சிக்குடி ஆசிரியர் எழுதியது:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். மருந்து பற்றிக் கேட்டவருக்கு முதலில் பதில்: மகள் அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள், தவறுவதில்லை.

செங்கலடி நண்பரே, நீங்கள் எழுதியதை வாசித்தபோது தோளிலிருந்து ஏதோ இறங்கியது. அக்கரைப்பற்று மகளுக்கு என் உறுதிமொழி: பேரப்பிள்ளைகளோடு இரவில் இருக்கும் நேரத்தை எவருக்கும் கொடுக்கமாட்டேன். நேற்று அவர்களிடம் அம்மம்மா சிறுவயதில் கொக்கட்டிச்சோலைத் தேரைப் பார்க்கப் போய்க் கூட்டத்தில் தொலைந்த கதையைச் சொன்னேன். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. சின்னவன் அடுத்த கதையைக் கேட்டான்.

உங்கள் எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன்: படிவம். தம்பிலுவில் சகோதரி காணிப் படிவத்துக்காக அலைந்தார். ஆரையம்பதித் தங்கைக்கு ஒரு படிவத்தின் முன்னால் கை நடுங்குகிறது. என் மனைவி போனபின் எனக்கும் இதுவே நேர்ந்தது. அவர் அரச ஆசிரியையாக இருந்ததால், 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மனைவியை இழந்தவருக்கான ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் எழுத்தோடு இருந்த எனக்கே, அவருடைய பெயருக்கு எதிரில் இறந்த திகதியை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரு கூலித்தொழிலாளியின் மனைவி ஊழியர் சேமலாப நிதியையும் ஊழியர் நம்பிக்கை நிதியையும் கோருவதற்கு எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். கணவனுக்கு அப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாத பெண்களும் இருக்கிறார்கள்.

எனக்குத் தமிழில் தெளிவாக எழுதத் தெரியும். அலுவலகங்களுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் தேவைப்பட்டாலும் ஓரளவு எழுதுவேன். இதைப் புதிய வாழ்க்கை என்றோ பெரிய பணி என்றோ நான் சொல்லமாட்டேன். அவர் இருந்திருந்தால், இந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு இந்த உதவி தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இனி அதை நானே கேட்டு அறிய வேண்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் நேற்று மாலை நானாகப் போய்ப் பேசினேன். மனைவி இல்லாமல் அந்த வீட்டுப் படியில் ஏறியது அதுவே முதல் தடவை. அவர் தேநீர் தந்து, மூன்று பேருடைய பெயர்களை உடனே சொன்னார்.

ஆராத்தித் தட்டு பற்றிச் சகோதரி எழுதியதற்கும் பதில் கடன்பட்டிருக்கிறேன். மூத்த மகளின் மகள் பெரியபிள்ளையாகும்போது நடக்கும் சடங்கில், கணவனை இழந்த என் மைத்துனியே முதல் தண்ணீர் வார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சிறு சலசலப்பு இருந்தது; மகள் என் பக்கம் நிற்கிறாள்.


தம்பிலுவில் கமக்காரி எழுதியது:

ஐயா, இதை வாசித்து வயலில் நின்றபடியே பதில் எழுதுகிறேன். எங்கள் வயல் வட்டையிலும் கணவன் பெயரிலேயே காணி கிடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்கு வரலாமா? என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதுங்கள்.


ஆரையம்பதியிலிருந்து ஒருத்தி எழுதியது:

நானும் வருகிறேன். நிரப்புவேனா என்று இப்போது சொல்ல முடியாது.


களுவாஞ்சிக்குடி ஆசிரியர் எழுதியது:

தங்கையே, நிரப்பாவிட்டாலும் வாருங்கள். அவரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகலாம்; படிவம் எங்கேயும் ஓடிவிடாது.

மற்றவர்களுக்கு: சனிக்கிழமை காலையில் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இருவருடைய அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றை எடுத்துவாருங்கள். காணி விடயமானால் அனுமதிப்பத்திரமும், சேமலாப நிதியானால் கணவர் வேலைசெய்த இடத்தின் பெயரும் அங்கத்துவ இலக்கமும் வேண்டும். யுத்தத்திலோ 2004 சுனாமியிலோ திருமணச் சான்றிதழ் அழிந்துபோயிருந்தால், அதற்காக வராமல் இருந்துவிட வேண்டாம். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி கோரும் விண்ணப்பத்திலிருந்தே தொடங்குவோம். மூலப்பத்திரங்களை என்னிடம் விட்டுச் செல்லாமல், எல்லாவற்றுக்கும் நிழற்படப் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.